காபித்தூளை எதில் போட்டு வைப்பது: கவரா, எவர்சில்வரா, ஃபிரிட்ஜா?

போன மாதம் அக்கா ஃபோன் செய்து ஒரே மூச்சில் மூன்று கேள்வி கேட்டாள். "தூள் விலை ஏறிக்கிட்டே போகுது, மொத்தமா ரெண்டு கிலோ வாங்கிடட்டுமா? வாங்கினா ஃபிரிட்ஜ்ல வெச்சா கெடாம இருக்குமா? இல்ல, காத்தை உறிஞ்சி எடுக்கிற டப்பான்னு ஒண்ணு விக்கிறானே, அதை வாங்கட்டுமா?" அவள் இருப்பது வந்தவாசிப் பக்கம் ஒரு கிராமத்தில். வறுத்து அரைத்துத் தரும் கடைக்குப் போக வேண்டுமென்றால் பஸ் ஏற வேண்டும். நான் இருப்பது மாம்பலத்தில். தெருமுனையில் மெஷின் ஓடும் சத்தம் வீட்டுக்கே கேட்கும். இருவரும் குடிப்பது ஒரே ஃபில்டர் காபிதான். ஆனாலும் எனக்குச் சரியான பதில் அவளுக்குச் சரிப்படாது என்று பேசப் பேசத்தான் புரிந்தது.

விலை பற்றிய அவள் கவலையில் நியாயம் உண்டு. 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிகா ரகக் காபிக்கொட்டையின் விலை பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டி, அதுவரை இல்லாத உச்சத்தைத் தொட்டது. அந்தச் சூடு நம்மூர்க் கடைகளிலும் தெரிந்தது. கையில் காசு இருக்கும்போதே வாங்கிப் போட்டுவிடலாம் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் காபித்தூள் துவரம் பருப்பு இல்லை. மலிவாக வாங்கிய இரண்டாவது கிலோவைத் தொடும்போது அதில் நிறம் இருக்கும், கசப்பு இருக்கும், காபி இருக்காது.

தூளுக்குள் என்ன நடக்கிறது

வறுத்த கொட்டைக்குள் கரியமிலவாயு அடைபட்டிருக்கிறது. அது கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்துகொண்டிருக்கும் வரை, வெளிக்காற்று உள்ளே புகுவது கடினம். அரைத்ததும் கதை மாறிவிடுகிறது. ஒரு கொட்டை ஆயிரக்கணக்கான துகளாகும்போது அடைபட்ட வாயுவில் பெரும்பகுதி சீக்கிரமே கிளம்பிவிடும். கூடவே மணமும் கிளம்பும். மெஷின் ஓடும்போது தெருவே மணக்கிறதே, அது உங்கள் டம்ளருக்கு வந்திருக்க வேண்டிய மணம்.

காபியின் வாசனைக்குப் பின்னால் எண்ணூறுக்கும் மேற்பட்ட ஆவிப்பொருட்கள் இருப்பதாகக் கண்டறிந்திருக்கிறார்கள். அவற்றில் கந்தகம் சேர்ந்த சிலவற்றைத்தான் நம் மூக்கு 'புதுத்தூள்' என்று அடையாளம் காண்கிறது. முதலில் ஓடிப்போவதும் அவைதான். மிச்சமிருக்கும் எண்ணெயை ஆக்ஸிஜன் பிடித்துக்கொள்ளும். அராபிகாக் கொட்டையின் எடையில் ஏறத்தாழ 15 சதவீதம் எண்ணெய்ப்பசை, இன்னொரு ரகமான ரோபஸ்டாவில் 10 சதவீதம் போல. பழைய வேர்க்கடலையில் வரும் சிக்கு வாடை காபித்தூளிலும் வருவது இதனால்தான்.

ஆக, எந்த டப்பாவாக இருந்தாலும் நான் கேட்கிற கேள்விகள் இவை. தூளுக்கு மேலே எவ்வளவு காற்று நிற்கிறது? ஈரம் உள்ளே போகுமா? அடுப்புச் சூடும் வெளிச்சமும் படுமா? பக்கத்து வாடை ஏறுமா? அப்புறம், யாரும் எழுதாத ஒரு கேள்வி: காலை ஐந்தரை மணிக்குப் பாதிக் கண் மூடியபடி இதைத் திறந்து மூட முடியுமா? பத்து வினாடிக்கு மேல் வேலை வைக்கிற எந்த ஏற்பாடும் இரண்டாவது வாரம் கைவிடப்படும். எங்கள் வீட்டுப் பரணில் அதற்குச் சாட்சிகள் இருக்கின்றன.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு சின்னக் கணக்கு. ஒரு டம்ளர் காபிக்குச் சுமார் 10 கிராம் தூள் என்று வையுங்கள். இரண்டு பேர், இரண்டு வேளை என்றால் நாளைக்கு 40 கிராம். கால் கிலோ ஆறு நாளில் தீர்ந்துவிடும். ஒரு கிலோ என்றால் 25 நாள். தனியாக இருந்து ஒரு வேளை மட்டும் குடிப்பவருக்குக் கால் கிலோவே 25 நாள் வரும். உங்கள் வீட்டுக் கணக்கை முதலில் போட்டுக்கொள்ளுங்கள். ஆறு நாளில் தீர்கிற வீட்டுக்கு இந்தக் கட்டுரையில் பாதி தேவையே இல்லை.

சிக்கரி செய்கிற வேலை

நம்மூர்த் தூளைப் பற்றிப் பேசும்போது சிக்கரியை விட்டுவிட முடியாது. வெளிநாட்டுக்காரர்கள் காபியைச் சேமிப்பது பற்றி எழுதுவதெல்லாம் வெறும் காபிக்கு. நாம் வாங்குவது பெரும்பாலும் காபி 80க்குச் சிக்கரி 20, அல்லது 70க்கு 30. சட்டப்படி, கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, கலவை விகிதத்தைப் பாக்கெட்டில் போட்டிருக்க வேண்டும். நிறையப் பேர் அந்த எழுத்தைப் படிப்பதே இல்லை.

சிக்கரி ஒரு செடியின் வேர். குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் விளைகிறது. வறுக்கும்போது அதிலுள்ள இனிப்பு கருகிப் பாகாகும். அதனால் காற்றிலுள்ள ஈரத்தைக் காபியைவிட வேகமாக இழுத்துக்கொள்ளும். டப்பாவின் அடியில் தூள் கட்டி தட்டியிருந்தால் முதல் சந்தேகம் சிக்கரி மேல்தான் விழ வேண்டும். 60க்கு 40 வாங்குகிறவர்கள் காற்றைவிட ஈரத்துக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

இன்னொரு விஷயமும் உண்டு. சிக்கரியின் நிறமும் திடமும் நாள்பட்டாலும் அப்படியே இருக்கும். காபியின் மணம் போய் ஒரு மாதம் ஆனபின்பும் டிகாஷன் கள்ளிச்சொட்டாக இறங்கும், பால் நன்றாகக் கலங்கும். கண்ணும் நாக்கும் ஏமாந்துபோகும். மூக்கு மட்டும் உண்மையைச் சொல்லும். ஆகவே தூள் பழசாகிவிட்டதா என்று பார்க்க டிகாஷனின் கறுப்பை நம்பாதீர்கள். ஃபில்டரில் வெந்நீர் ஊற்றியதும் தூள் பொங்கி நுரைத்து எழுகிறதா என்று பாருங்கள். புதுத்தூள் எழும். பழசு, நனைந்த மண் மாதிரி அமுங்கிக் கிடக்கும்.

வந்த கவரிலேயே விட்டுவிடுவது

கடைக்குக் கடை கவர் வேறு. பழுப்புக் காகிதக் கவர் என்றால் ஒரு சோதனை போதும்: பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் உங்கள் பையைத் திரும்பிப் பார்த்தால் கவர் கசிகிறது. அதில் மூன்று நாளுக்கு மேல் விடாதீர்கள்.

வெள்ளி மினுக்கும் கெட்டிக் கவர் வேறு ரகம். சிலவற்றில் மேலே சட்டைப் பித்தான் அளவில் ஒரு வட்டம் இருக்கும். அது மோந்து பார்க்க வைத்த ஓட்டை என்றுதான் நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். உண்மையில் அது 1960களில் இத்தாலியில் வந்த ஒருவழி வால்வு. உள்ளிருக்கும் கரியமிலவாயுவை வெளியே விடும், வெளிக்காற்றை உள்ளே விடாது. ஆனால் கவரை வெட்டிய நிமிடமே அதன் வேலை பெரும்பாலும் முடிந்துவிட்டது.

கெட்டிக் கவருக்கு டப்பாவிடம் இல்லாத ஒரு குணம் உண்டு. தூள் குறையக் குறையக் கவரும் சுருங்கும். மேல்பகுதியை இறுக்கி உருட்டி, காற்றைப் பிதுக்கிவிட்டுத் துணி கிளிப் போட்டால் தூளுக்கு மேலே காற்றுக்கு இடமே இல்லை. எந்த விலை உயர்ந்த டப்பாவும் இதை அவ்வளவு எளிதாகச் செய்வதில்லை.

தொல்லை எங்கே என்றால், ஜிப் வைத்த கவரில் அந்தப் பள்ளத்துக்குள் தூள் போய் உட்கார்ந்துவிடும். அப்புறம் எவ்வளவு அழுத்தினாலும் மூடியது போல இருக்கும், மூடியிருக்காது. ரப்பர் பேண்டை நம்பினால் பத்து நாளில் அது அறுந்து கிடக்கும். ஸ்பூன் போட்டு எடுக்கும்போது மேடையெல்லாம் சிந்தும். இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிடும் வீட்டுக்கு, கெட்டிக் கவரை அப்படியே ஒரு டப்பாவுக்குள் இறக்கி வைப்பது செலவில்லாத நல்ல வழி.

எவர்சில்வர் டப்பா

என் கட்சி இதுதான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளிச்சம் புகாது, கழுவினால் வாடை நிற்காது, கீழே விழுந்தால் நெளியுமே தவிர உடையாது. நம் வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது, புதிதாக வாங்க வேண்டியதும் இல்லை.

ஆனால் எவர்சில்வர் என்றாலே காற்றுப் புகாது என்று நினைப்பது தவறு. கல்யாணச் சீராக வந்த டப்பாக்களில் பாதி, மூடி லொடலொடவென்று ஆடும். டப்பாவில் தண்ணீர் ஊற்றி, மூடித் தலைகீழாகப் பிடியுங்கள். தண்ணீர் சொட்டுகிற இடத்தில் காற்று தாராளமாகப் போய்வரும். ரப்பர் வாஷர் வைத்த மூடி என்றால் இந்தச் சோதனையில் பாஸ் ஆகும். அந்த வாஷர் முன்பு பெருங்காயத்தோடோ சாம்பார்ப் பொடியோடோ குடித்தனம் நடத்தியிருந்தால் மட்டும் அந்த டப்பாவைக் காபிக்கு எடுக்காதீர்கள். எஃகு மறந்துவிடும், ரப்பர் மறக்காது.

அளவுதான் எல்லாரும் சறுக்குகிற இடம். கால் கிலோ தூள், அரைப்புக்கு ஏற்ப 600 முதல் 700 மில்லி இடத்தை அடைக்கும். அதை இரண்டு லிட்டர் டப்பாவில் போட்டால் மூன்றில் இரண்டு பங்கு இடத்தில் காற்று. காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்ஸிஜன். திறக்கும்போதெல்லாம் அது புதுப்பித்துக்கொள்ளும். அதனால் நான் ஒரு பெரிய டப்பாவுக்குப் பதிலாக இரண்டு சின்ன டப்பா வைத்திருக்கிறேன். வாங்கி வந்ததும் இரண்டிலும் விளிம்பு வரை தட்டித் தட்டி நிரப்பிவிடுவேன். முதலாவது தீரும் வரை இரண்டாவதைத் தொடுவதே இல்லை. ஆறாம் நாள் காபியும் நான்காம் நாள் காபி போலத்தான் இருக்கிறது.

ஸ்பூன் ஈரமாக இருக்கக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். தெரியாதது, கொதிக்கிற பாலுக்குப் பக்கத்தில் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு தூள் எடுப்பது. அந்த ஆவி நேரே டப்பாவுக்குள் போகிறது. அடுப்புக்கு மேலே இருக்கும் அலமாரியும் கைக்கு வசதி, தூளுக்கு ஆகாது. மே மாதத்தில் அந்தத் தட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடு 10 டிகிரி கூடினால் இந்த மாதிரி ரசாயன வேலைகள் சுமார் இரண்டு மடங்கு வேகமாகும் என்பது பொதுவான கணக்கு.

கண்ணாடி, பிளாஸ்டிக்

கண்ணாடி பாட்டில் மணத்தைப் பிடித்து வைப்பதில் எஃகுக்குச் சளைத்ததில்லை. மூடி நன்றாக இருந்தால் போதும். ஒரே குறை, வெளிச்சம். அழகுக்காக ஜன்னலோரம் வரிசையாக வைக்காமல் கதவு போட்ட அலமாரிக்குள் வைத்தால் அந்தக் குறையும் இல்லை. எத்தனை மிச்சம் இருக்கிறது என்று திறக்காமலே தெரிவது ஒரு லாபம்.

பிளாஸ்டிக் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எண்ணெயை உறிஞ்சும், வாடையை விடாது. புதுத்தூளைப் பழைய தூளின் வாடையோடு குடிக்க ஆசையிருந்தால் பயன்படுத்தலாம்.

ஃபிரிட்ஜ்

இதைத்தான் அதிகம் பேர் செய்கிறார்கள், இதைத்தான் செய்யக் கூடாது. சூடு குறைந்தால் கெடுவது தாமதமாகும் என்ற யோசனையில் தவறில்லை. தவறு நம் ஊர்க் காற்றில் இருக்கிறது. சென்னையில் வருடத்தின் பெரும்பகுதி, 20 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருளின் மேலும் காற்றின் ஈரம் தண்ணீராகப் படியும். ஐஸ் வாட்டர் டம்ளர் வெளிப்புறம் வியர்க்கிறதே, அதுதான். ஃபிரிட்ஜுக்குள் இருப்பது 4 டிகிரி. அங்கிருந்து டப்பாவை எடுத்துத் திறந்தால், தூளும் அந்த டம்ளர் மாதிரியே வியர்க்கும், கண்ணுக்குத்தான் தெரியாது. காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை. ஒரு மாதத்துக்கு அறுபது தடவை. சிக்கரி அத்தனையையும் குடித்துக்கொள்ளும்.

வாடை அடுத்த பிரச்சினை. நம்முடைய ஃபிரிட்ஜில் புளித்த தோசை மாவு இருக்கும், நறுக்கிய வெங்காயம் இருக்கும், வெள்ளிக்கிழமை என்றால் மல்லிகைப்பூவும் இருக்கும். சில வருடங்களுக்கு முன் நான் ஒரு வாரம் மல்லிகைப்பூ காபி குடித்திருக்கிறேன். கேட்க நன்றாக இருக்கும், குடிக்க நன்றாக இல்லை.

ஃபிரிட்ஜ் சரியாக இருக்கும் ஒரே சூழ்நிலை என்று எனக்குத் தோன்றுவது, பிரிக்காத பாக்கெட்டை ஓரிரு வாரம் தள்ளிப்போடுவது. அதையும் எடுத்த உடனே வெட்டாமல், வெளிச்சூட்டுக்கு வந்தபின் வெட்ட வேண்டும். கோடைக்குக் குன்னூர், கொடைக்கானலில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது, அவர்கள் அலமாரியே போதும்.

ஃபிரீசர்

ஃபிரிட்ஜை இவ்வளவு திட்டிவிட்டு ஃபிரீசரைப் பாராட்டினால் முரண்பாடாகத் தெரியும். வித்தியாசம் குளிரில் மட்டும் இல்லை, பழக்கத்தில் இருக்கிறது. ஃபிரீசரைத் தினமும் தூள் எடுக்கும் இடமாக வைத்துக்கொண்டால் அது ஃபிரிட்ஜைவிட மோசம். ஒரே ஒரு தடவை எடுக்கும் கிடங்காக வைத்துக்கொண்டால் வீட்டில் கிடைக்கும் வழிகளில் இதுவே நீண்ட நாள் தாங்கும்.

நான் போன வருடம் செய்து பார்த்தது இது. வாங்கி வந்த அன்றே, தூள் கொஞ்சமும் சூடில்லாமல் ஆறியபின், ஒரு கிலோவை 200 கிராம் வீதம் ஐந்து பொட்டலமாகப் பிரித்தேன். ஒவ்வொன்றும் கெட்டிக் கவர், காற்றைப் பிதுக்கி, வாயை இஸ்திரிப் பெட்டியின் ஓரத்தால் ஒட்டினேன். எல்லாவற்றையும் மூடி போட்ட ஒரு டப்பாவில் அடுக்கி மைனஸ் 18 டிகிரியில் வைத்தேன். ஒரு பொட்டலத்தை முதல் நாள் இரவு வெளியே எடுத்து வைத்துவிட வேண்டும், காலை வரை பிரிக்கவே கூடாது. கவரின் வெளிப்பக்கம் வியர்த்துக் காயட்டும், உள்ளே ஈரம் போகாது. பிரித்தபின் அது எவர்சில்வர் டப்பாவுக்குப் போகும், ஃபிரீசருக்குத் திரும்பாது. இரண்டு மாதம் கழித்துப் பிரித்த கடைசிப் பொட்டலம், அன்று அரைத்த தூளுக்குச் சற்றுக் குறைவுதான். ஆனால் அலமாரியில் மூன்று வாரம் இருந்த தூளைவிட எவ்வளவோ மேல்.

கண்ணுக்குத் தெரியாத செலவுகள்: ஒட்டுகிற பொறுமை, ஃபிரீசரில் இடம், இரவே ஞாபகமாக எடுத்து வைப்பது. மறந்த அன்று காலையில் கல்லாகக் கிடக்கும் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும், அல்லது அவசரத்தில் பிரித்துக் கெடுக்க வேண்டும். பழைய ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ் என்றால் மேலே இருக்கும் அந்த ஐஸ் பெட்டியை உண்மையான ஃபிரீசர் என்று நம்ப வேண்டாம். கதவைத் திறக்கும்போதெல்லாம் அதன் குளிர் ஏறி இறங்கும். மீன், கறி வைக்கிற வீட்டில் கவரை இரட்டையாகப் போடுங்கள். மின்வெட்டு அடிக்கடி நீண்டால் இந்த ஏற்பாட்டின் லாபம் குறைந்துகொண்டே போகும்.

காற்றை உறிஞ்சும் டப்பா

மூடியில் பம்ப் வைத்தது ஒரு வகை, மூடியையே தூள்மட்டம் வரை உள்ளே அழுத்தி இறக்குவது இன்னொரு வகை. நல்லது என்றால் ஆயிரம் ரூபாய்க்கு மேலே ஆகும்.

பம்ப் வகை கொட்டைக்குப் பரவாயில்லை. நம் ஃபில்டர்த் தூள் போன்ற நைசான தூளில், பம்பின் வாய்க்குத் தூள் ஏறி அடைத்துக்கொள்ளும், ரப்பர் விளிம்பிலும் உட்காரும். முழு வெற்றிடம் வராது, வந்த கொஞ்சமும் தூளிலிருந்து வரும் வாயுவால் நிரம்பிவிடும். தினமும் இரண்டு தடவை பம்ப் அடிக்க வேண்டும். அழுத்தி இறக்கும் வகை நம் தேவைக்கு நெருக்கமானது, ஏனென்றால் கெட்டிக் கவர் செய்கிற வேலையை அது டப்பாவாக இருந்துகொண்டு செய்கிறது. தனியாளாக ஒரு வேளை காபி குடித்துக்கொண்டு கால் கிலோவை மூன்று நான்கு வாரம் ஓட்டுகிறவருக்கு இது வாங்கத் தகுந்த பொருள். ஆறு நாளில் தீர்க்கிற வீட்டுக்குத் தண்டச் செலவு. அந்த ஆயிரம் ரூபாய்க்கு நல்ல பிளாண்டேஷன் ஏ (அராபிகாவில் ஓர் உயர்ந்த தரம்) தூளாகவே வாங்கிவிடலாம்.

கொட்டையாக வாங்கி வீட்டில் அரைப்பது

மணத்தை மட்டும் பார்த்தால் போட்டியே இல்லை. வறுத்த கொட்டை நல்ல டப்பாவில் மூன்று நான்கு வாரம் வரை தெம்பாக இருக்கும், அரைக்கும் நொடிவரை மணம் உள்ளே பூட்டிக் கிடக்கும். நம் பாட்டிகள் இதையும் தாண்டியிருந்தார்கள். பச்சைக் கொட்டையை மூட்டையாக வாங்கி வைத்து, வாரத்துக்கு வேண்டியதை மட்டும் இரும்புச் சட்டியில் வறுத்து, கைமெஷினில் அரைத்தார்கள். பச்சைக் கொட்டை ஈரம் படாமல் இருந்தால் மாதக்கணக்கில் தாங்கும். சேமிப்பு என்ற பிரச்சினையே அவர்களுக்கு இல்லை, பதிலாகத் தோள்வலி இருந்தது.

இன்றைக்கு இதில் இருக்கும் சிக்கல் அரைப்பது. மிக்ஸி வெட்டும், அரைக்காது. பாதி தூசியாகவும் பாதி நொய்யாகவும் வரும். தூசி ஃபில்டர் துளையை அடைக்கும், டிகாஷன் இறங்காது. நொய்யிலிருந்து சாரம் இறங்காது, டிகாஷன் நீர்த்துப்போகும். போதாக்குறைக்கு நேற்று அரைத்த மிளகாயின் ஞாபகம் ஜாரில் இருக்கும். விட்டு விட்டு, ஐந்து வினாடிக்கு மேல் ஓட்டாமல், சலித்து மறுபடி அரைத்தால் ஓரளவு வரும். காபிக்கென்றே உள்ள கைமெஷினில் நைசாக 40 கிராம் அரைப்பது காலையில் ஓர் உடற்பயிற்சி. மின்சார மெஷின் நல்லதாக வாங்கினால் பல ஆயிரம் ஆகும். சிக்கரியைத் தனியாக வாங்கி, தனியாக மூடி, ஸ்பூன் கணக்கில் கலக்க வேண்டும். கொட்டையை ஃபிரீசரில் வைப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு: உருகக் காத்திருக்காமல் வேண்டியதை மட்டும் எடுத்து அப்படியே அரைக்கலாம். குளிர்ந்த கொட்டை இன்னும் சீராக அரைபடுகிறது என்று 2016ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

சிக்கரியே வேண்டாம் என்பவர், காபியைக் கொஞ்சம் சடங்காகச் செய்யப் பிடித்தவர், விடுமுறை நாள் காலைகள் கைவசம் உள்ளவர் ஆகியோருக்கு இது. பள்ளிக்கூட வேன் ஏழு மணிக்கு வரும் வீட்டுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

கீழே உள்ள நாள் கணக்கு என் சமையலறையில், 80க்கு 20 தூளில், என் மூக்கு கண்டது. உங்கள் வீட்டில் கொஞ்சம் முன்பின் ஆகலாம்.

| வழி | காற்று | ஈரம் | காலை நேரத் தொல்லை | தெரியாமல் போகும் செலவு | மணம் நின்றது |
|---|---|---|---|---|---|
| காகிதக் கவர் | தடுக்காது | தடுக்காது | சிந்தும் | பாதி மணம் வழியிலேயே போகும் | 3 நாள் |
| கெட்டிக் கவர், கிளிப் | நன்றாகத் தடுக்கும் | தடுக்கும் | கொஞ்சம் | ஜிப்பில் தூள் அடைப்பது | 10–12 நாள் |
| சின்ன எவர்சில்வர், நிறைய நிரப்பி | தடுக்கும் | தடுக்கும் | இல்லை | வாஷர் மாற்றுவது | 10–12 நாள் |
| பெரிய எவர்சில்வர், பாதி காலி | உள்ளேயே இருக்கிறது | ஓரளவு | இல்லை | தூளே | ஒரு வாரம் |
| ஃபிரிட்ஜ், தினமும் எடுத்து | ஓரளவு | சேர்த்துக்கொடுக்கும் | கொஞ்சம் | கட்டி, வாடை | ஒரு வாரத்துக்கும் குறைவு |
| ஃபிரீசர், பொட்டலமாக | தடுக்கும் | பிரிக்கும் வரை தடுக்கும் | முதல் நாள் இரவு ஞாபகம் | இடம், பொறுமை | 2 மாதம் |
| அழுத்தி இறக்கும் டப்பா | நன்றாகத் தடுக்கும் | தடுக்கும் | கொஞ்சம் | டப்பா விலை | 3 வாரம் |
| கொட்டை, வீட்டில் அரைப்பு | கொட்டையே தடுக்கும் | மூடியைப் பொறுத்தது | அதிகம் | மெஷின், நேரம் | 3–4 வாரம் |

அக்காவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று

தெருமுனையில் மெஷின் ஓடுகிற என் மாதிரி ஆட்களுக்கு டப்பா ஆராய்ச்சியே அதிகப்படி. வாரம் 200 கிராம், கண்ணெதிரே அரைத்தது, இரண்டு சின்ன டப்பா. கடைக்காரர் "அரை கிலோவாப் போட்டுடட்டுமா?" என்று கேட்பார். வேண்டாம் என்று சொல்லிப் பழக வேண்டும், அவ்வளவுதான். வாங்கப் போகும்போது காபிக்கொட்டை அன்றைக்கு வறுத்ததா, நேற்றையதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பழைய கொட்டையை உங்கள் கண்ணெதிரே அரைத்தாலும் அது பழைய கொட்டைதான்.

அக்காவிடம் இரண்டு கிலோ வேண்டாம் என்றேன். ஒரு கிலோ, ஐந்து பொட்டலம், ஃபிரீசர். அவர்கள் வீட்டில் மூன்று பேர், இரண்டு வேளை. நாளைக்கு 60 கிராம் என்றால் 16 நாளில் முடிந்துவிடும். "அப்ப ரெண்டு கிலோவே ஒரு மாசம்தானே வரும்?" என்று மடக்கினாள். கணக்கு சரிதான். ஆனால் பத்துப் பொட்டலத்துக்கு அவள் ஃபிரீசரில் இடமில்லை, மாமா வஞ்சிரம் வாங்கி அடுக்கி வைத்திருக்கிறார். பம்ப் டப்பாவை வாங்க வேண்டாம் என்றதும்தான் கொஞ்சம் வருத்தம்.

வெளிநாட்டுக்குப் பெட்டியில் தூள் கொண்டுபோகிறவர்களுக்கு: கிளம்பும் முதல் நாள் வாங்குங்கள், கடையிலேயே கால் கிலோ பாக்கெட்டுகளாக ஒட்டித் தரச் சொல்லுங்கள். போய் இறங்கியதும் ஒன்றை வெளியே வைத்துவிட்டு மற்றதை ஃபிரீசரில் போடுங்கள். அங்கே குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டில் காற்று காய்ந்து கிடக்கும், தூள் கட்டி தட்டாது. ஆனால் ஹீட்டருக்குப் பக்கத்து அலமாரி நம் அடுப்பு அலமாரிக்குச் சமம்.

தூளுக்குப் பதில் டிகாஷனையே போட்டு வைக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. மூடிய பாத்திரத்தில் ஃபிரிட்ஜில், மறுநாள் காலை வரை என்றால் சரி. அதற்கு மேல் புளிப்புத் தட்டும். நேரே அடுப்பில் வைத்துக் கொதிக்க விடாமல் வெந்நீருக்குள் கிண்ணத்தை இறக்கிச் சுட வையுங்கள்.

கடைசியாக ஒன்று. டப்பா அடியில் இரண்டு ஸ்பூன் பழைய தூள் இருக்கும்போது அதன் மேலேயே புதுத்தூளைக் கொட்டுகிற பழக்கம் எங்கள் அம்மாவுக்கு உண்டு, எனக்கும் இருந்தது. டப்பாவின் உட்சுவரில் விரலால் தடவிப் பார்த்தால் பிசுக்கு ஒட்டும், அதுதான் சிக்குப் பிடித்த எண்ணெய். புதுத்தூள் வருமுன் டப்பாவைச் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காய வைத்துவிடுங்கள். அந்த இரண்டு ஸ்பூன் பழைய தூளைத் தூக்கி எறிய மனமில்லை என்றால், சின்னக் கிண்ணத்தில் போட்டு மூடாமல் ஃபிரிட்ஜின் நடுத்தட்டில் வையுங்கள். மாவு வாடையும் வெங்காய வாடையும் ஒரு வாரத்தில் குறைந்துவிடும்.